தகரம் யாருக்கு, ஃபைபர் யாருக்கு?

அப்பாதுரை வீட்டில் ஒரு சாமானை அளவெடுத்துச் செய்தார்கள் என்றால் அது இரண்டாம் தாரத்து மகன் தர்மனுக்குத்தான் என்பது பெரிய காஞ்சிபுரத்தில் அந்தத் தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். தர்மனுக்குச் சட்டை மெட்ராஸில் தைப்பார்கள். மூத்த தாரத்து மகன் வரதராஜனுக்கு, லாரி டிரைவர்களுக்குப் பொங்கலுக்கு எடுக்கிற காக்கியில் கூட ஒரு சட்டைக்குத் துணி எடுத்தால் கதை முடிந்தது. இதைச் சொல்லிச் சொல்லி அம்சவேணிக்கு அலுத்துவிட்டது. அவள் வரதராஜனின் மனைவி, அந்த வீட்டு மூத்த மருமகள்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் போன வாரம் அந்த அதிசயம் நடந்தது. அம்பத்தூரிலிருந்து ஓர் ஆள் வந்து, பின்கட்டு ஷெட்டில் நின்ற சிவப்பு ஃபியட்டின் மூக்கில் சாந்தை அப்பி, காயவைத்து, அச்செடுத்துக்கொண்டு போனார். அந்த அச்சில் ஃபைபரில் ஒரு ஸ்பாய்லர் வார்த்து அனுப்பச் சொல்லியிருந்தார் அப்பாதுரை.

அந்த ஃபியட் வரதராஜனுடையது. பத்திரத்தில் அப்பா பெயர் இருக்கலாம். வாலாஜாபாத் ரோட்டில் புளியமரத்தில் மோதி நொறுங்கிக் கிடந்ததைக் கட்டி இழுத்துவந்து, எஞ்சினைப் பிரித்துக் கோத்து, சோழவரம் ரேஸில் ஓடுகிற வண்டியாக்கியவன் அவன்தான். போன வருஷம் அவனே ஓட்டி மூன்றாவதாக வந்தான். அந்தப் படம் பேப்பரில் வந்தபோது அப்பாதுரை தன் லாரி ஆபீசில் கண்ணாடி போட்டு மாட்டினார். படத்தில் வண்டி தெரிந்தது, ஓட்டினவன் முகம் தெரியவில்லை. அதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்பாள் அம்சவேணி.

வேகம் ஏற ஏறக் காற்று வண்டிக்கு அடியில் புகுந்து முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். ஸ்டியரிங் கைக்குள் நிற்காது. அதைத் தடுக்கத்தான் பம்பருக்குக் கீழே, தரையை ஒட்டினாற்போல் ஒரு தடுப்பு. ஸ்பாய்லர் என்று புஸ்தகத்தில் பெயர். இந்த வருஷம் வரதராஜன் முதலில் அதைத் தகரத்தில் தானே வெட்டி மடித்து மாட்டிப் பார்த்தான். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது.

“ரேஸுக்குப் போற வண்டியா, மண்ணெண்ணெ வண்டியா? ஊரு சிரிக்கும்டா,” என்றார் அப்பாதுரை.

“வேல செய்யுது நைனா. தகரம் நசுங்குனா தட்டி நிமித்திக்கலாம். ஃபைபர்ல செஞ்சா அளவா, ஒட்டிக்கினு நிக்கும். இது வேகத்துல கொஞ்சம் துடிக்குது. ஆனா ஃபைபர் ஒடைஞ்சா ஒடைஞ்சதுதான். செலவும் ஜாஸ்தி. எனக்கு இதே போதும்.”

எனக்கு இதே போதும். இந்த மூன்று சொல்லைக் கேட்டால் அம்சவேணிக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்துகொண்டு வரும். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் வாயில் இதைத் தவிர வேறு சொல் வந்ததில்லை. கேட்காதவனுக்கு யார் கொடுப்பார்கள்? ஆனால் இந்தத் தடவை கேட்காமலே அப்பாதுரை அம்பத்தூருக்கு ஆள் அனுப்பினார். அதனால்தான் அவளுக்குக்கூட ஒரு நப்பாசை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் லாரி டிரைவர் வீராசாமி வைக்கோல் சுற்றிய ஒரு பொதியை ஷெட்டில் இறக்கினார். அம்சவேணி காபியோடு போனபோது வரதராஜன் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு கடைசி போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தான். எழுந்து வந்து தள்ளி நின்று பார்த்தான். மறுபடி கிட்டே போய், ஸ்பாய்லரும் வண்டியும் சேருகிற இடத்தில் விரலை ஓட்டினான்.

“எங்கனா இடுக்கு தெரியுதா பாரு, வேணி.”

“தெரியலயே.”

“தெரியாது. இந்த வண்டிக்குன்னே செஞ்சது. வேற வண்டில மாட்டுனா ஒக்காராது.” காபியை வாங்கினான், ஆனால் குடிக்கவில்லை. “நைனா எனக்குன்னு ஒண்ணு செஞ்சிட்டாருடி.”

சொல்லிவிட்டு மறுபடி அந்தச் சேர்மானத்தைத் தடவினான். முப்பது வயது கடந்த ஆண்பிள்ளை, ஒரு ஃபைபர் துண்டுக்கு இப்படி உருகுகிறானே என்று அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

“ஞாயித்துக்கெழம நீங்கதான ஓட்டுறீங்க? மாமா வாயால சொன்னாரா?”

“அத வேற சொல்லணுமா? என் வண்டிக்கு அளவெடுத்தாச்சு. அப்புறம் இன்னா?”

அன்றைக்கே கோயில் முன்னால் வண்டிக்குப் பூஜை. பீரோவிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து அவளே இஸ்திரிப் பெட்டி போட்டுக் கொடுத்தாள்.

அப்பாதுரை வீட்டில் எந்த வண்டிக்குப் பூஜை போட்டாலும் ஒரு வழக்கம் உண்டு. ஓரிக்கையில் கழனி வைத்திருந்த காலம் போய் முதல் லாரி வாங்கிய அன்று தொடங்கியது. எல்லாரையும் போலச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். அது போக, மட்டை உரித்த முழுத் தேங்காய் ஒன்றின்மேல் கர்ப்பூரம் ஏற்றி, வண்டிக்கு முன்னால் நடுத்தெருவில் வைப்பார்கள். வண்டி அதன்மேல் படாமல் தாண்டிப் போக வேண்டும். போன பிறகு அதை எடுத்துச் சிதறவிடுவார்கள். அந்தத் தேங்காயை வைப்பது மூத்த மருமகள் கை. லாரி உயரத்துக்குத் தேங்காய் எம்மாத்திரம்? போன இரண்டு வருஷமும் ஃபியட்கூடத் தொடாமல்தான் தாண்டிப் போயிற்று.

ஏகாம்பரநாதர் சன்னதித் தெருவில், கோபுரத்துக்கு எதிரே வரதராஜன் வண்டியை ஊர்ந்தாற்போல் கொண்டுவந்து நிறுத்தினான். புது ஸ்பாய்லரின் சிவப்பு வெயிலில் பளபளத்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள், புடவைக்கடைப் பையன்கள், ஜவுளி எடுக்க வந்த கல்யாண வீட்டுக் கூட்டம் என்று ஒரு வட்டமே கூடிவிட்டது.

“வரதா, எறங்கு,” என்றார் அப்பாதுரை.

வரதராஜன் இறங்கினான். பூஜைக்குத்தானே என்று இறங்கினான்.

“சாவிய தம்பிகிட்ட குடு.” தர்மன் அவர் பக்கத்தில்தான் நின்றான்.

சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று வரதராஜனுக்குச் சந்தேகம்.

“இந்த வருஷம் தர்மா ஓட்டட்டும்பா. அவன் காலேஜ் சிநேகிதங்கல்லாம் சோழவரம் வர்றாங்க. ஒரு நல்ல எடத்து சம்பந்தக்காரங்களும் வர்றாங்க. வண்டியும் இப்ப பாக்கற மாதிரி ஆயிடுச்சு. நீ கூடவே இருந்து பாத்துக்க. உன்ன வுட்டா அந்த வண்டிய யாருக்குத் தெரியும்?”

கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் வெல்லம் தடவிக் கொடுத்தார் பெரியவர். வரதராஜன் அந்த வெல்லத்தையும் வாங்கிக்கொண்டு, சாவியையும் கொடுத்துவிட்டான். தம்பி கையில் சாவியை வைத்தவன், கிளட்ச் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும் என்று சொல்லவும் செய்தான்.

தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்சவேணிக்குக் கண்ணில் நீர் முட்டியது. தெருவும் கோபுரமும் கலங்கித் தெரிந்தன. பெட்டி போட்ட அந்த வெள்ளைச் சட்டையைப் பார்க்கவே அவளுக்குப் பொறுக்கவில்லை. சின்ன மாமியார் மணியம்மாள் வண்டியை ஆலம் சுற்றிவிட்டு, “இன்னாம்மா நின்னுக்கினு இருக்க? தேங்காய வையி,” என்றாள்.

வைத்தாள். எத்தனை லாரிக்கு வைத்த கை! கண் பார்க்கவில்லை, மனசு அங்கே இல்லை, கை போய் வைத்துவிட்டு வந்தது. புதிதாகத் தொங்குகிற ஸ்பாய்லருக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரல்தான் இடம் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. கர்ப்பூரம் ஏற்றிய அப்பாதுரைக்கும் தோன்றவில்லை, தட்டை வாங்கிக்கொண்ட மணியம்மாளுக்கும் தோன்றவில்லை.

வரதராஜன் ஒருவன்தான் கண்டான். “தம்பி, இரு! இரு!” என்று கையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

எஞ்சின் உறுமிற்று. வண்டி ஒரு தாவு தாவியது.

சத்தம் பெரிதாகக்கூட இல்லை, காய்ந்த மட்டையைக் காலால் மிதித்த மாதிரி. தேங்காய் ஸ்பாய்லருக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் மாட்டி, நடுவிலிருந்து இடதுபக்க போல்ட் வரைக்கும் கிழித்துக்கொண்டு போய் உள்ளே உருண்டது. ஒரு துண்டு தனியே பிய்ந்து, சிதறி விழுந்த கர்ப்பூரத்தின் பக்கத்தில் விழுந்தது. தேங்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

கூட்டம் உச்சுக்கொட்டியது. சம்பந்தத்துக்கு முன்னால் இப்படியா என்று யாரோ ஒரு பெரியம்மா சத்தமாகவே கேட்டாள். மணியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்ட கையாலேயே அம்சவேணியைக் காட்டினாள்.

“பாத்தீங்களா? பாத்தீங்களா இவ செஞ்ச வேலைய! சாவி எம் புள்ள கைக்குப் போனத பாத்தா. ஒடனே கொண்டாந்து வெச்சா!”

“நீங்கதான வைக்கச் சொன்னீங்க, அத்தே? எப்பவும் வைக்கிறதுதான...”

“தேங்கா வைக்கச் சொன்னேன். வயித்தெரிச்சல வைக்கச் சொன்னனா?”

அம்சவேணி கணவனைப் பார்த்தாள். அவன் தெருவில் குந்திக்கொண்டு, பிய்ந்து விழுந்த துண்டைக் கிழிந்த இடத்தில் வைத்துப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. அப்பாதுரைதான் கிட்டே வந்தார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் மெதுவாகப் பேசினார்.

“வரதா, உன் பொண்டாட்டிய வூட்டுக்கு அழச்சிக்கினு போ. இனிமே எந்த வண்டிக்கும் அவ கை பட வேணாம்.” கிழிந்த ஃபைபரைப் பார்த்தார். “ஞாயித்துக்கெழமக்குள்ள ஒட்ட முடியுமா?”

“காயாது நைனா.”

“அப்ப அந்தத் தகரத்தையே மாட்டு. தம்பி அதுல போவட்டும்.”

கவனியுங்கள். தகரம் போட்டால் ஊர் சிரிக்கும் என்றவர்தான் சொன்னார். ஃபைபர் உடைந்தது, மறுபடி தகரம் வந்தது, ஆனால் ஓட்டுகிறவன் மட்டும் மாறவில்லை. இதை அந்தத் தெருவில் வேறு யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை. அம்சவேணி யோசித்தாள். யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். பின்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

மத்தியானம் யாரும் அவளைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. சமையற்கட்டில் மணியம்மாள் பாத்திரங்களோடு பேசிக்கொண்டிருந்தாள், அம்சவேணி காதில் விழுகிற மாதிரி. அம்சவேணி கிணற்றடியில் துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். தர்மன் வந்தான். கெட்ட பையன் இல்லை. அண்ணி கையால் சாப்பிட்டு வளர்ந்தவன்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் கிணற்றுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அண்ணி, மன்னிச்சிக்கங்க.”

“நீ இன்னா பண்ண?”

“அண்ணன் கையத் தூக்கிக்கினு ஓடியாந்தத நான் பாத்தேன்.”

அவள் நிமிர்ந்தாள்.

“வண்டிய வுடமாட்டேன்னு மறிக்க வர்றார்னு நெனச்சிட்டேன், அண்ணி. எல்லார் எதிர்லயும் கீழ எறக்கிடுவாரோன்னு... அதான் சட்டுன்னு எடுத்துட்டேன். நின்னிருந்தா ஒடைஞ்சிருக்காது.”

வாழ்நாளில் ஒரு தடவைகூட எதையும் மறிக்காதவன், மறிக்க வருகிறான் என்று தம்பி பயந்திருக்கிறான்! வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

“இத போயி மாமாகிட்ட சொல்லு, தர்மா. உங்க அம்மாகிட்ட சொல்லு. தெருவுல அத்தன பேரு எதிர்ல என்ன இன்னா சொன்னாங்கன்னு கேட்ட இல்ல?”

“சொல்றேன் அண்ணி.”

“இப்ப சொல்லு. நானும் வர்றேன்.”

அவன் கயிற்றை விட்டான். செருப்பால் தரையைத் தேய்த்தான். “இப்ப சொன்னா நைனா வண்டிய அண்ணன்கிட்டயே குடுத்துடுவாரு. கூப்புட்டவங்க எல்லாரும் வந்துடுவாங்க, அண்ணி. ரேஸ் முடியட்டும். சத்தியமா சொல்லிடறேன்.”

“ரேஸ் முடியற வரைக்கும் நான் வயித்தெரிச்சக்காரியா இருக்கணுமா?”

மன்னிப்புக் கேட்டுவிட்ட நிம்மதியோடு அவன் போய்விட்டான்.

அம்சவேணி நேரே ஷெட்டுக்குப் போனாள். எல்லாவற்றையும் புருஷனிடம் கொட்டிவிடுவது, அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மாமனார் முன்னால் நிறுத்துவது, சாவியைத் திரும்ப வாங்கவைப்பது. ஒரு வழி பார்த்துவிடுவது என்ற வேகம்.

வரதராஜன் தகரத்தைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தான். வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தான். அவளைக் கண்டதும் சுத்தியலைக் கீழே வைத்தான்.

“கதவ சாத்து.”

சாத்தினாள்.

“ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லணும். வேணும்னுதான வெச்ச?”

இவனுமா? தெருவெல்லாம் சொன்னது போதாதா? தர்மன் சொன்னது நாக்கின் நுனியில் நின்றது. சொல்லப் போனவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

கோபம் இல்லை. சந்தேகம்கூட இல்லை. பந்தி முடிந்த பிறகு வந்து, இன்னும் சோறு இருக்கிறதா என்று கேட்கிறவன் முகம். இருக்கிறது என்று சொல்ல மாட்டார்களா என்ற ஏக்கம். காலையிலிருந்து அவனுக்காக ஒருத்தர் ஒரு விரலைத் தூக்கவில்லை. அவனே தூக்கிக்கொள்ளவில்லை. தன் பெண்டாட்டியாவது தனக்காக ஒரு கெட்ட காரியம் செய்திருக்க வேண்டும் என்று அந்த மனுஷன் ஆசைப்படுகிறான்.

இல்லை என்று சொன்னால் இவனுக்கு இன்றைக்கு ஒன்றுமே மிஞ்சாது. தம்பியின் பயத்தைச் சொன்னாலும் சாவி கேட்க இவன் எழுந்திருக்க மாட்டான் என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. சின்னப் பையன், ஏதோ தெரியாமல் செய்துவிட்டான், எனக்கு இதே போதும் என்பான். அதை இன்னொரு தடவை கேட்கிற தெம்பு அவளுக்கு இல்லை. அவன்மேல் அன்பா, வெறுப்பா என்று அவளால் அந்த நிமிஷம் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும் சேர்ந்துதான் வாயைத் திறந்தன.

“ஆமா,” என்றாள். “வேணும்னுதான் வெச்சேன்.”

வரதராஜன் சிரித்தான். சத்தம் வராமல், தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். “நெனச்சேன்டி. நெனச்சேன். எனக்காக நீ ஒருத்தியாவது செஞ்சியே,” என்றான். அவள் தலைக்கு மேல் எண்ணெய்க் கையைப் படாமல் பிடித்து எடுத்தான். பிறகு கீழே படுத்துக்கொண்டு, “இந்த ஓரத்த கொஞ்சம் தூக்கிப் புடி,” என்றான்.

பிடித்தாள். தம்பி ஓட்டப் போகிற வண்டிக்குத் தன் தகரத்தை அவன் எவ்வளவு பதமாக, எவ்வளவு சந்தோஷமாக மாட்டினான் என்பதை அவள் கிட்டே இருந்து பார்த்தாள். நியாயமாகக் கிடைத்திருக்க வேண்டிய நல்ல பேரை எரித்து இந்தச் சிரிப்பை வாங்கியிருக்கிறாள். இந்தச் சிரிப்போ ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற உதவாது. அழக்கூட வரவில்லை.

சாத்திய கதவுக்கு வெளியே யாரோ கனைத்தார்கள். அவள் சொன்ன ‘ஆமா’ கதவைத் தாண்டிக் கேட்டிருக்குமோ?

“வரதா,” என்றது அப்பாதுரையின் குரல். “வெளிய வா. அவளையும் கூட்டிக்கினு வா.”